நண்பர்களோடு ஒரு நாள் ஒயின் விழா: கேப் டவுன் பக்கம் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேப் டவுனைச் சுற்றியுள்ள திராட்சைப் பள்ளத்தாக்குகளில் வருடம் முழுக்க ஏதாவது ஓர் உணவு, ஒயின் விழா நடந்துகொண்டே இருக்கும். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், டர்பனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள், ஜோகன்னஸ்பர்க் நண்பர்கள் என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. குடிப்பவர், குடிக்காதவர், சைவம், அசைவம், கைக்குழந்தையோடு வருபவர் எல்லாரும் ஒரே வண்டியில் ஏறும் அப்படிப்பட்ட கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன்.

பல கூட்டங்களை அழைத்துப் போனதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. டிக்கெட் வாங்கிவிட்டு வண்டி தேடுகிறார்கள். ஒயினைக் குடித்துவிட்டுச் சாப்பாடு தேடுகிறார்கள். இருட்டிய பிறகு யார் ஓட்டுவது என்று பேச ஆரம்பிக்கிறார்கள். நாள் கெடுவது இந்த வரிசைக் குழப்பத்தால்தான். அதனால் வீடு திரும்புவதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1. எந்த விழா என்று முடிவு செய்யுங்கள்

விழாக்கள் இரண்டு விதம். ஒரே மைதானத்தில் கூடாரம் போட்டு, பண்ணைகள் எல்லாம் அங்கே வந்து ஸ்டால் வைப்பது ஒன்று. பள்ளத்தாக்கு முழுக்கப் பரவி, நாம் பண்ணை பண்ணையாகப் போவது இன்னொன்று. முதல் தடவை போகிறவர்களும் பெரிய கூட்டமும் முதல் விதத்தையே எடுங்கள். பத்துப் பேரை ஒவ்வொரு பண்ணையிலும் இறக்கி ஏற்றுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஜூன் மாதம் ராபர்ட்சனில் நடக்கும் வாக்கி ஒயின் வீக்கெண்ட் இரண்டாம் விதம். கேப் டவுனிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். போய்வரும் பயணமே நீளம், அங்கே போன பிறகும் ஓட்டம்தான். ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் அதை யோசியுங்கள். மே மாதம் ரீபீக் பள்ளத்தாக்கில் நடக்கும் ஆலிவ் விழா சின்ன ஊர் விழா. குடிக்காதவர்களுக்கும் அங்கே பொழுது போகும்.

ஃபிரான்ஷூக்கில் ஜூலை 14-ஐ ஒட்டிய வார இறுதியில் நடக்கும் பாஸ்டில் விழா முதல் தடவைக்கு நல்ல தேர்வு. ஊர் சின்னது, கேப் டவுனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிரெஞ்சு தேசிய நாளைக் கொண்டாடுவது என்பதால், ஆட்கள் அந்தக் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு உடுத்தி வருவார்கள். பீப்பாய் உருட்டும் போட்டி இருக்கும். ஒயின் தொடாதவர்களுக்கும் பார்க்க ஏதாவது இருப்பதால்தான் கலவையான கூட்டத்துக்கு இதைச் சொல்கிறேன். அதே ஊரில் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் நுரை ஒயினுக்கென்று ஒரு விழா நடக்கும். ஒயின் பிடித்தவர்கள் மட்டும் நாலு பேராகப் போவதற்கு அதுவே மேல்.

நைஸ்னாவில் ஜூலையில் நடக்கும் சிப்பி விழாவை ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வழிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

2. தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்

இதைத்தான் கேப் டவுன்காரர்கள் மறக்கிறார்கள். டர்பன் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி முழுக்கக் கறியும் கிடையாது, மதுவும் கிடையாது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வர மாட்டார்கள். பாஸ்டில் விழா முடிந்த கையோடு ஆடி பிறக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடுகளில் அந்த மாதம் தனிக் கணக்கு.

ஆகவே டிக்கெட்டுக்குக் கை வைக்கும் முன் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி போடுங்கள்: "இந்தத் தேதியில் யாருக்காவது விரதம் இருக்கிறதா?" டிக்கெட் வாங்கிய பிறகு கேட்டால், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வருவார்கள். வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அது யாருக்கும் நல்லதில்லை.

3. வண்டியைப் பிடியுங்கள், டிக்கெட் அப்புறம்

தென்னாப்பிரிக்காவில் 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலை எட்டிவிட்டால் வண்டி ஓட்டுவது குற்றம். வாடகை வண்டி, லாரி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கு அந்த எல்லை 0.02. வார இறுதி மாலைகளில் சாலையில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். வேலை விசாவில் இருப்பவருக்கு ஒரு குற்ற வழக்கு என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

"ரெண்டே ரெண்டு வாய்தான், அப்புறம் தண்ணி குடிச்சுட்டு ஓட்டிடுவேன்" என்று ஒருவர் சொல்லாத கூட்டமே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ருசி பார்க்க ஊற்றுவது 25 மில்லி என்று வைத்துக்கொள்வோம். இங்கத்திய சிவப்பு ஒயின் பல 14 சதவீதம். ஒரு ஊற்றில் 3.5 மில்லி சுத்த ஆல்கஹால், பத்து ஊற்றில் 35 மில்லி. 5 சதவீத பீர் 340 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 17 மில்லி. அதாவது பத்து ஸ்டாலில் "சும்மா ருசி பார்த்தவர்" இரண்டு பீர் குடித்திருக்கிறார். ஸ்டால்காரர் நட்பாகச் சிரித்து 50 மில்லி ஊற்றினால் நாலு பீர். உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறக்குறைய 10 மில்லிதான். தண்ணீரோ காபியோ அந்த வேகத்தைக் கூட்டாது.

சரி, வழிகள் என்ன?

முதல் வழி, ஓட்டுநரோடு மினிபஸ் எடுப்பது. பத்துப் பேருக்கு மேல் என்றால் இதுதான் சரி. பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: ஓட்டுநருக்குப் பயணிகளை ஏற்றும் தொழில்முறை அனுமதி இருக்கிறதா, வண்டிக்குச் சுற்றுலா ஓட அனுமதி இருக்கிறதா, காத்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டா. முதல் இரண்டும் இல்லாவிட்டால், ஏதாவது ஆனபோது காப்பீட்டுக்காரர்கள் கையை விரிக்கலாம். மூன்றாவதைக் கேட்காவிட்டால் ராத்திரி வாசலில் நின்று வாக்குவாதம் செய்வீர்கள்.

இரண்டாவது, நம்மில் ஒருவர் ஓட்டுவது. அவர் அன்று ஒரு துளியும் தொடக் கூடாது. அதற்கு ஈடாக அவருடைய சாப்பாட்டையும் நுழைவையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். குடிக்காதவர் ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே ஒவ்வொரு தடவையும் அவர் தலையில் கட்டாதீர்கள். முதலில் கேளுங்கள், அவர் சம்மதம் சொல்லட்டும்.

மூன்றாவது ஊபர், போல்ட். ஸ்டெல்லன்போஷுக்கு இது ஓரளவு கைகொடுக்கும். ஃபிரான்ஷூக்குக்குப் போக வண்டி கிடைக்கும். திரும்ப, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போனை நீட்டும்போது கிடைப்பது கஷ்டம். கேப் டவுனிலிருந்து ஸ்டெல்லன்போஷுக்கு இருப்பதுபோல் அங்கே மின்சார ரயிலும் கிடையாது. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபிரான்ஷூக் ஒயின் டிராமை நம்பி வருபவர்களும் உண்டு. அது பள்ளத்தாக்குக்குள் பண்ணைகளைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிடும், கேப் டவுனுக்கு வராது.

கைக்குழந்தை இருந்தால் வண்டியில் குழந்தை இருக்கை வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் அது சட்டம். வாடகை வண்டிகளில் தானாக இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. டிக்கெட்: எத்தனை பேர் குடிப்பார்கள் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்

வெப்டிக்கெட்ஸ், குவிக்கெட் போன்ற தளங்களில்தான் பெரும்பாலும் விற்பனை. பெயர் போன விழாக்கள் முன்பே தீர்ந்துவிடும், வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டை வாங்குவது பணத்தை விடுவது. சில விழாக்களில் ருசி பார்க்கும் கிளாஸும் கூப்பனும் சேர்ந்த டிக்கெட் ஒன்று, குடிக்காதவருக்கு விலை குறைந்தது ஒன்று, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று என்று இருக்கும். சில விழாக்கள் 18 வயதுக்குக் கீழ் உள்ளே விடுவதே இல்லை. விதிகளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். குழந்தையோடு வந்து வாசலில் நிற்பவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

முகம் இளமையாக இருப்பவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள். நம்மூர்க்காரர்கள் பாஸ்போர்ட் அசலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஓட்டுநர் உரிமமோ, சான்றளித்த நகலோ ஏற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். ஒருவர் போனில் எல்லா டிக்கெட்டும் இருந்து, அவர் கழிப்பறை வரிசையில் நின்றால் மற்ற ஒன்பது பேரும் வெளியில்தான்.

5. பணக் கணக்கை முதலிலேயே பேசிவிடுங்கள்

நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவது இதில்தான். "எல்லாத்தையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு" என்று வகுத்தால், தண்ணீர் பாட்டிலும் சமோசாவும் வாங்கியவர், நுரை ஒயின் பாட்டில் வாங்கியவருக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். வாய் திறந்து சொல்ல மாட்டார். அடுத்த தடவை வேலை இருக்கிறது என்பார்.

மூன்றாகப் பிரியுங்கள். வண்டியும் பார்க்கிங்கும் எல்லாருக்கும் சமம். சாப்பாடு அவரவர் வாங்கியது அவரவருக்கு. நடுவில் வைத்துப் பகிர்ந்தது மட்டும் பொது. ஒயின் முழுக்கக் குடிப்பவர்கள் கணக்கு. ஒருவர் மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதும். கிளம்புவதற்கு முன்பே இதைக் குழுவில் எழுதிப் போடுங்கள்.

பல விழாக்களில் உள்ளே ரொக்கம் செல்லாது. கார்டு, அல்லது பணம் ஏற்றிய கைப்பட்டைதான். பட்டையில் மிஞ்சிய பணத்தைத் திரும்பப் பெறக் கெடு இருக்கும். ஆனாலும் கொஞ்சம் சில்லறை ரேண்டு வைத்திருங்கள்: பார்க்கிங்கில் மஞ்சள் சட்டையோடு வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐந்தோ பத்தோ கொடுப்பது இங்கே வழக்கம்.

6. முந்தின ராத்திரி எடுத்து வைக்க வேண்டியவை

மே முதல் ஆகஸ்ட் வரை கேப் பக்கம் மழைக்குளிர். ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், மலை நடுவில் இருக்கும் ஊர்களில் சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிரும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, சேற்றில் நடக்கும் மூடிய செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பு புல்தரையில் புதையும். டிசம்பரில் நேரெதிர்: வெயில் உக்கிரம், தென்கிழக்குக் காற்று தட்டையே தூக்கிப் போகும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். நம் தோல் கறுக்காது என்று நினைத்து வருபவர்கள் மறுநாள் உரிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ட், ஜவ்வாது, தலை நிறைய மல்லிகை வேண்டாம். ஒயினில் பாதி மூக்கால் அறிவது. உங்கள் வாசனை பக்கத்தில் நிற்பவருக்கும் தடை.

தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர், அவரவர் மாத்திரை, ஈரத்துடைப்பான். வண்டியில் திரும்பும்போது சாப்பிட எலுமிச்சை சாதமோ புளி சாதமோ ஒரு டப்பா கட்டி வையுங்கள். உள்ளே வெளிச்சாப்பாடு விட மாட்டார்கள். வண்டியில் வைத்திருப்பதை யாரும் கேட்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அந்த டப்பாவைத் திறக்கும்போது அருமை தெரியும்.

7. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்

"அங்கே போய் நிறையச் சாப்பிடப் போகிறோமே" என்று வெறும் வயிற்றோடு வருவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. போய்ச் சேர்ந்ததும் முதலில் கையில் வருவது கிளாஸ்தான், தட்டு வர ஒரு மணி நேரமாகும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் சிறுகுடலுக்கு வேகமாக இறங்கி ரத்தத்தில் ஏறும். வயிற்றில் உணவு இருந்தால் அது மெதுவாக நடக்கும். இட்லி, பொங்கல், முட்டை, ரொட்டி எதுவானாலும் சரி, கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ சேர்ந்திருக்கட்டும். காரச் சட்னியை மட்டும் அன்று குறையுங்கள்; நாக்கு எரிந்தால் மென்மையான ஒயின் எதுவும் பிடிபடாது.

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரம் ஸ்டால்களில் ஆள் குறைவு, ஊற்றுபவர் நின்று பேசுவார். மதியம் ஒரு மணிக்கு மேல் நெரிசலில் கிளாஸை நீட்டி வாங்கிக்கொண்டு நகர்வதுதான் நடக்கும்.

வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துத் திருடுவது இந்த நாட்டில் சகஜம். பை, லேப்டாப் எதுவும் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது.

8. உள்ளே நுழைந்ததும் முதல் அரை மணி

கிளாஸ் கையில் வந்ததும் ஓடாதீர்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். கழிப்பறை, தண்ணீர், முதலுதவி, நிழல், சைவச் சாப்பாடு எங்கே என்று பார்த்துவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

அசையாத ஓர் இடத்தைச் சந்திக்கும் இடமாக வையுங்கள்: மரம், மேடை ஓரம், வாசல். சின்ன ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடினால் நெட்வொர்க் படுத்துவிடும், வாட்ஸ்அப் லொகேஷன் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அங்கே எல்லாரும் முகம் காட்ட வேண்டும் என்று நேரம் சொல்லிவிடுங்கள். நடுவில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து சுற்றுங்கள். பத்துப் பேர் ஒரு ஸ்டாலை அடைத்து நின்றால் ஊற்றுபவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் ஒன்றும் காதில் விழாது.

9. ருசி பார்க்கும் வரிசை

பட்டியலில் ஆறு முதல் எட்டு ஸ்டால் போதும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு நாலு மணிக்கு எதுவும் நினைவில் இருப்பதில்லை.

முதலில் நுரை ஒயின். இங்கே இதைக் கேப் கிளாசிக் என்பார்கள், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்க வைத்துச் செய்வது. அடுத்து பீப்பாயில் வைக்காத வெள்ளை, பிறகு பீப்பாயில் வைத்த வெள்ளை, இளஞ்சிவப்பு ரோசே, இளகிய சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின். காரணம் இதுதான்: கனத்த சிவப்பின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பச்சைப் பாக்கு மென்ற வாய்போல. அதன் பிறகு வெள்ளை ஒயின் வெறும் புளிப்புத் தண்ணீராகத்தான் தெரியும். இனிப்பும் அப்படியே, அதற்குப் பின்னால் வரும் எதுவும் கசக்கும்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. ஒரு சுழற்று, மூக்கை வைத்து முகர்வு, சின்ன வாய். விழுங்குவதற்கு முன் வாய்க்குள் ஒரு சுற்று சுழலவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும். நம் ஆட்கள் அதைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். ஒயின் செய்பவர்களே அதில்தான் துப்புகிறார்கள்; யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிடிக்காததை மரியாதைக்காகக் குடித்து முடிக்காதீர்கள், ஊற்றிவிடுங்கள்.

எதைத் தேட வேண்டும்? இந்த நாட்டில் அதிகம் பயிராகும் திராட்சை ஷெனின் பிளாங்க். கொய்யா, ஆப்பிள், சில சமயம் தேன் வாசனை வரும். முதல் தடவை குடிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. சாவின்யோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாயும் வெட்டிய புல்லும் மணக்கும். சிலருக்கு உடனே பிடிக்கும், சிலர் முகம் சுளிப்பார்கள். பினோடாஜ் இங்கேயே 1925-ல் ஸ்டெல்லன்போஷில் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சைகளையும் இனக்கலப்பு செய்து உருவாக்கியது. ஒரு ஸ்டாலில் புகையும் கரிந்த வாசனையுமாக இருக்கும், இன்னொன்றில் பழரசம்போல இருக்கும். ஒன்றைக் குடித்துவிட்டு "எனக்குப் பினோடாஜ் ஆகாது" என்று முடிவு கட்டாதீர்கள், குறைந்தது மூன்று பண்ணையுடையதைப் பாருங்கள். ஷிராஸில் மிளகு வாசனை தெரியும். நம் நாக்குக்கு அது சீக்கிரம் பழகிவிடும்.

இரண்டு ஸ்டாலுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். பிடித்ததை அங்கேயே போனில் படமெடுத்து, ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். சாயங்காலம் நினைவு வராது.

சுத்த சைவமாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், மீன் சவ்வு, ஜெலட்டின் போன்றவற்றைச் சில பண்ணைகள் பயன்படுத்துவது உண்டு. அது வேண்டாம் என்றால் "வீகன் ஒயினா?" என்று கேளுங்கள், ஸ்டாலில் இருப்பவருக்குப் புரியும்.

குடிக்காதவரிடம் "ஒரு வாய் மட்டும் பாரேன்" என்று கிளாஸை நீட்டாதீர்கள். நாம் பாசத்தில் சாப்பாட்டை வற்புறுத்திப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம். மருந்து எடுப்பவராக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், வேண்டுதலாக இருக்கலாம். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் திராட்சைச் சாறு, ஆப்பிள்டைசர், குளிர்ந்த ரூயிபோஸ் டீ கிடைக்கும். ஆல்கஹால் நீக்கிய ஒயினும் சில ஸ்டால்களில் இருக்கும். அதையும் ஒயின் கிளாஸிலேயே வாங்கிக் கொடுங்கள்.

10. சாப்பாட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

பன்னிரண்டு மணிக்கே சாப்பாட்டு வரிசைக்குப் போங்கள். ஒன்றரைக்குப் போனால் சைவம்தான் முதலில் தீர்ந்திருக்கும்.

"சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. இங்கே பலருக்கு மாடு, ஆடு இல்லையென்றாலே சைவம். கோழியோ மீனோ தட்டில் வந்துவிடும். இறைச்சி, கோழி, மீன், முட்டை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே தணலில் எல்லாம் சுடுவார்கள், அது ஆகாது என்றால் அதையும் கேட்க வேண்டும்.

பூரவோர்ஸ் என்னும் சுருள் தொத்திறைச்சியில் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், பன்றியும் கலந்திருக்கும். பில்டாங் என்ற உப்புக்கண்டமும் வழக்கமாக மாடு. கூடு மான், நெருப்புக்கோழி வகைகளும் உண்டு. மாடு சாப்பிடாதவர்கள் வாசனையில் மயங்கி வாயில் போடும் முன் கேட்டுவிடுங்கள். ஹலால் பார்க்கும் நண்பர்கள் ஸ்டாலில் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

சைவத்துக்கு நிச்சயமாகத் தேட வேண்டியவை: தணலில் சுட்ட ரூஸ்டர்கூக் ரொட்டி, அதில் வெண்ணெயோ ஜாமோ, சீஸ், தக்காளி, வெங்காயம் வைத்துச் சுட்ட பிராய்புரூட்டி, மக்காச்சோளக் களியான பாப், அதோடு காரமான காய்கறிக் கலவையான சக்கலக்கா. கேப் மலாய் ஸ்டால் இருந்தால் டால்ச்சி கேளுங்கள். கடலை மாவில் கீரையும் வெங்காயமும் போட்டுப் பொரித்தது, நம் பக்கோடாவேதான். சமோசா வாங்கினால் உள்ளே உருளைக்கிழங்கா கொத்துக்கறியா என்று கேட்டு வாங்குங்கள். சீஸ் தட்டில், கன்றின் வயிற்று நொதியில் உறைய வைத்த சீஸ்களும் இருக்கும். அதைப் பார்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

இனிப்புக்கு மால்வா புட்டிங். சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

11. காரத்தோடு எந்த ஒயின்

"சாப்பாடு காரம், அதனால் கெட்டியான சிவப்பு" என்று வாங்குபவர்கள் வாய் எரிந்து திரும்புவார்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலை ஏற்றும். காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு ஒட்டிய, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை வேண்டும்: சற்றே இனிப்பான ஷெனின், கெவுர்ட்ஸ்டிராமினர். டால்ச்சி, சமோசா போன்ற பொரித்தவற்றோடு கேப் கிளாசிக் மிக நன்றாகப் போகும். புளிப்பும் நுரையும் எண்ணெயை அறுத்துவிடும். கனத்த சிவப்பைத் தணலில் சுட்ட ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மட்டன் பிரியாணிக்கு? எனக்குக் குளிர்ந்த ரோசே. சிவப்புதான் வேண்டும் என்று சண்டைக்கு வரும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

12. பாட்டில் வாங்குவது

குறித்து வைத்ததில் இரண்டு மூன்றை மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ருசி பார்த்து வாங்குங்கள். வயிறு நிறைந்து, தண்ணீரும் குடித்த பிறகு நாக்கு நிதானமாக இருக்கும். காலையில் வாங்கினால் நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டும். கடைசி நேரத்தில் வாங்கினால் எது பிடித்தது என்றே தெரியாமல் வாங்குவீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் வசதி பல பண்ணைகளில் உண்டு. ஆறு, பன்னிரண்டு என்று பெட்டியாகச் சொன்னால் அனுப்பும் செலவைக் குறைப்பார்கள், நண்பர்கள் சேர்ந்து சொல்லலாம். கோடையில் வண்டி டிக்கியில் மணிக்கணக்காகப் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் ஒயின் வெந்ததுபோலாகி, தக்கையும் வெளியே தள்ளும். ஊருக்குக் கொண்டு போக வாங்குபவர்களுக்கு: இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரைதான் மது கொண்டு போகலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. கைப்பையில் விட மாட்டார்கள், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

13. கிளம்புவது

விழா முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். கடைசி நேரத்தில் எல்லா வண்டியும் ஒரே சாலையில் இறங்கும். அந்தக் கூட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் இருப்பார்கள். உங்கள் ஓட்டுநர் தெளிவாக இருந்தாலும் எதிரில் வருபவர் எப்படி என்று யாருக்குத் தெரியும்?

குறித்த இடத்தில் தலைகளை எண்ணுங்கள். "நான் அப்புறமா வர்றேன், நீங்க போங்க" என்று சொல்பவரை விட்டுவிட்டு வராதீர்கள், அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும். யாராவது எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாக வந்தால் தூங்கட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதலுதவிக் கூடாரத்துக்கு ஆள் அனுப்புங்கள், வழியில் என்றால் கைப்பேசியில் 112. திறந்த பாட்டிலை மூடி டிக்கியில் வையுங்கள். ஊர்த்தெருவில் நின்று குடிப்பதும் விதிமீறல்தான்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸோடு இருக்கும் நண்பரின் படத்தை அவரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மதுரையில் இருக்கும் அம்மாவும் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மாவும் அதைப் பார்ப்பார்கள். விளக்கம் சொல்ல வேண்டியது படம் போட்டவர் அல்ல.

14. மறுநாள்

கணக்கை அன்று மத்தியானத்துக்குள் முடித்து அனுப்பிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் மறதி. கைப்பட்டையில் மிஞ்சிய பணத்துக்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.

திறந்த வெள்ளை ஒயின் மூடி ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், சிவப்பும் அப்படியே. நுரை ஒயின் அடுத்த நாளே நுரை இழக்கும். திறக்காதவற்றை ஃபிரிட்ஜ் மேலேயோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல், வெளிச்சம் படாத அலமாரியில் தக்கை நனையும்படி படுக்க வையுங்கள். திருகுமூடி என்றால் நிற்க வைத்தாலும் ஒன்றுமில்லை.